வரியில்லா சேமிப்பு: மலேசியாவில் எந்தக் கணக்கு, யாருக்கு லாபம்?

யூடியூப்பில் ‘டாக்ஸ் ஃப்ரீ சேவிங்ஸ்’ என்று தேடினால் முதலில் வருவது பிரிட்டனின் ‘ஐசா’ கணக்கு பற்றிய வீடியோக்கள்தான். அங்கே ஒரு வரம்புக்கு மேல் வங்கி வட்டிக்கு வரி உண்டு. அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தத் தனிக் கணக்கு. ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை போடலாம். 2027 ஏப்ரல் முதல் 65 வயதுக்குக் குறைந்தவர்கள் ரொக்கமாக 12,000 பவுண்டு மட்டுமே போட முடியும்.

ஷா ஆலத்தில் வேலை, கிள்ளானில் வீடு என்று இருக்கும் உங்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. மலேசியாவில் உரிமம் பெற்ற வங்கிகள் தனிநபருக்குத் தரும் வட்டிக்கு 2008 ஆகஸ்ட் 30 முதல் வரி இல்லை. சாதாரண சேமிப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு (எஃப்டி), டிஜிட்டல் வங்கி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆகவே ‘எங்கள் திட்டம் வரியில்லாதது’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் பெருமையாக விற்க வந்தால், அதில் விசேஷம் ஒன்றுமில்லை. எவ்வளவு கிடைக்கும், எப்போது எடுக்கலாம், போனால் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

அந்த மூன்றாவது கேள்வியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வங்கி மூழ்கினால், பிஐடிஎம் என்ற வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்பு தருகிறது. டச் என் கோவின் ‘கோ பிளஸ்’ போன்றவை வங்கி வைப்பு அல்ல, முதலீட்டு நிதி. தினமும் காசு ஏறுவதைப் பார்க்க சந்தோஷமாக இருக்கும், ஆனால் பிஐடிஎம் பாதுகாப்பு கிடையாது.

இன்னொன்று, 2025 ஜூலையில் பேங்க் நெகாரா வட்டி விகிதத்தை 3 விழுக்காட்டிலிருந்து 2.75 ஆகக் குறைத்தது. அப்படிக் குறைக்கும்போது எஃப்டி வட்டியும் இறங்கும்.

விலக்கு வேறு, கழிவு வேறு

இந்த இரண்டு சொற்களையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வரி விலக்கு என்றால், பணம் சம்பாதித்துத் தரும் லாபத்துக்கு வரி இல்லை. வரிக் கழிவு என்றால், நீங்கள் போட்ட தொகையையே உங்கள் வருமானத்திலிருந்து கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுவார்கள். சில கணக்குகளில் இரண்டும் உண்டு.

இபிஎஃப் அப்படிப்பட்டது. 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு, அதற்கு வரி இல்லை. சொந்தமாக ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை கூடுதலாகப் போடலாம். கழிவு 4,000 ரிங்கிட் வரைதான். உங்கள் சம்பளம் 3,000 ரிங்கிட் என்றால் 11 விழுக்காடு பிடித்தமே ஆண்டுக்கு 3,960 ஆகிவிடும். அந்த இடம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. கூடுதலாகப் போடுவது, ஆயுள் காப்புறுதியோடு பகிரும் 3,000 ரிங்கிட் பிரிவுக்குள் போகும்.

சிக்கல் என்ன? 1,000 ரிங்கிட் போட்டால் 750 ஓய்வுக்காலக் கணக்கில் போய் 55 வயது வரை அடைபடும், 150 செஜாதெரா கணக்கில். எப்போது வேண்டுமானாலும் எடுக்க ஃபிளெக்சிபல் கணக்கில் 100 மட்டுமே. அவசரத்துக்கு வைக்கும் பணத்தை இங்கே போடாதீர்கள்.

கிராப் ஓட்டுபவர், ஃபுட்பாண்டா டெலிவரி செய்பவர், வீட்டிலிருந்து பலகாரம் விற்பவர் என்றால் ‘ஐ-சாராஆன்’ பாருங்கள். 2025 முதல் நீங்கள் போடுவதற்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட். அதாவது 2,500 போட்டால் 500 சும்மா வருகிறது. எஃப்டி எதுவும் பக்கத்தில் வர முடியாது.

எஸ்எஸ்பிஎன்: பிள்ளை இருந்தால் மட்டும்

பிடிபிடிஎன் நடத்தும் இந்தக் கல்விச் சேமிப்பில் 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ஆனால் அது பிள்ளை பெயரில் போடும் பெற்றோருக்குத்தான். கல்யாணமாகாத நீங்கள் உங்கள் பெயரில் போட்டால் லாப ஈவு வரும், கழிவு வராது. பெற்றோருக்கு 11 விழுக்காடு வரிப் படி என்றால் 880 ரிங்கிட் மிச்சம். 6 விழுக்காடு என்றால் 480. டிசம்பரில் போட்டு ஜனவரியில் எடுக்கும் தந்திரம் ஒருமுறைதான் எடுபடும். கணக்கிடுவது அந்த ஆண்டில் போட்டது கழித்தல் எடுத்தது. அடுத்த டிசம்பரில் திரும்பவும் 8,000 போட்டால் கழிவு பூஜ்யம்.

ஏஎஸ்எம்: கிடைத்தால் அதிர்ஷ்டம்

ஏஎஸ்பி பூமிபுத்ராக்களுக்கு மட்டும். இந்தியர்களுக்குத் திறந்திருப்பவை ஏஎஸ்எம், ஏஎஸ்எம் 2, ஏஎஸ்எம் 3. ஒரு யூனிட் எப்போதும் 1 ரிங்கிட், விலை ஏறாது, இறங்காது. அதனால்தான் நம் பெற்றோர் இதை வங்கிக் கணக்கு மாதிரியே பார்க்கிறார்கள்.

ஆனால் இனவாரி ஒதுக்கீடு இருப்பதால் யூனிட் சுலபமாகக் கிடைப்பதில்லை. 2009-இல் ஏஎஸ்1எம் (இன்றைய ஏஎஸ்எம் 3) 1,000 கோடி யூனிட்டோடு தொடங்கியபோது இந்தியர்களுக்கு 15 விழுக்காடு. 2018 பட்ஜெட்டில் இந்தியர்களுக்கென்று மேலும் 150 கோடி யூனிட் அறிவிக்கப்பட்டது. இருந்தும், யாராவது விற்றால்தான் இன்னொருவர் வாங்க முடியும் என்ற நிலை வந்துவிடுகிறது. செயலியில் தொகையை மாற்றி மாற்றி அழுத்திப் பார்ப்பதற்கு ‘திக்காம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

2025 முதல் 100,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட லாப ஈவுக்கு 2 விழுக்காடு வரி வந்ததே, அது இதையும் தொடுமா என்று கேட்பவர்கள் உண்டு. தொடாது. இபிஎஃப், ஏஎஸ்என்பி இரண்டுக்கும் விலக்கு உண்டு. அந்த வரி பெரிய பங்குதாரர்களைக் குறிவைத்தது.