ஆட்டத்தை இகழ்வோர்க்கு

1994இல் வெளிவந்த 'காதலன்' சிறந்த படமன்று. ஆளுநர் மகளைக் கல்லூரி மாணவன் காதலிக்கும் கதை நம்பத்தக்கதன்று, நகைச்சுவையும் மலிவானதே. ஆயினும் அதனைச் சிறுவயதில் நேசித்தோம் என்று கூற நாம் ஏன் நாணவேண்டும்?

போர்க்கால மட்டக்களப்பில், ஜெனரேற்றர் இரைச்சலிடையே, வாடகைத் தொலைக்காட்சியின்முன் அமர்ந்திருந்தோம். சோதனைச் சாவடியிற் கையுயர்த்தி நிற்பதற்கு மட்டுமன்று, துள்ளுதற்கும் உரியது இளமையின் உடல் என்று எமக்கு உணர்த்தியது பிரபுதேவாவின் ஆட்டமே.

"கூத்தே நமது கலை, இது குப்பை" என்பர் சிலர். அக்கூத்தையும் பாமரர் ஆட்டமெனப் படித்தோர் ஒதுக்கிய காலம் இருந்ததன்றோ? 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தைப் பேராதனையில் மேடையேற்றியமை அவ்விகழ்ச்சியை அசைத்தது. சுவைப்போரின் தகுதிகொண்டு கலையை அளக்கும் பழம்பிழையை மீண்டும் செய்யற்க. படத்தின் குறைகளை ஆராய்க. அதனை நேசித்த சிறுவரை எள்ளற்க.