பைக்குள்ள என்ன இருக்கு?

போன வாரம் ஒருநாள் ராத்திரி. பதினொண்ணாவது படிக்கிற என் பொண்ணு அட்ரினலின் சுரக்கிற படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா. திடீர்னு, "அப்பா, வெளிய இருந்து கால்சியம் செல்லுக்குள்ள வந்தா இந்தப் பை திறந்துக்குதுங்கறாங்க. அப்ப பைக்குள்ள கால்சியம் இருக்காதா?"ன்னு கேட்டா.

நான் சொன்ன பதில்: "அதெல்லாம் பரீட்சைக்கு வராது. படத்தை முடி."

முகம் சுருங்கிப் போச்சு அவளுக்கு. மனசு கேக்காம, அவ தூங்கினப்புறம் உக்காந்து தேடிப் படிச்சேன். மக்களே, பொண்ணு சரியாத்தான் கேட்டிருக்கா!

சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கே அட்ரினல் சுரப்பி, அதோட நடுப்பகுதியில குரோமாஃபின் செல்கள் இருக்கு. ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கில் நுண்துகள்கள். அட்ரினலினுக்கு அதுதான் கிடங்கு. கால்சியம் இல்லாவிட்டால் சரக்கு வெளியே வராது என்பதை 1961-ல் டக்ளஸும் ரூபினும் பூனையின் சுரப்பியில் காட்டினார்கள். பாடப் படங்களில் பெரும்பாலும் இது மட்டும்தான் இருக்கும். கால்சியம் உத்தரவு போடும் அதிகாரி, துகள் வெறும் மூட்டை.

ஆனா மூட்டைக்குள்ளயே கால்சியம் கொட்டிக் கிடக்கு. செல் சும்மா இருக்கும்போது அதன் திரவத்தில் தனியாகத் திரியும் கால்சியம் சுமார் 0.1 மைக்ரோமோலார். துகளுக்குள் மொத்தம் 20 முதல் 40 மில்லிமோலார். லட்சம் மடங்குக்கும் மேல!

எப்படி உள்ள போகுது? பண்டமாற்றுதான். துகளின் சவ்வில் இருக்கும் பம்ப், ஏடிபியைச் செலவழித்து புரோட்டான்களை உள்ளே தள்ளுகிறது. உள்ளே புளிப்பேறி பிஎச் 5.5 அளவுக்கு இறங்குகிறது. அந்தப் புரோட்டான் வெளியேறும்போது சோடியம் உள்ளே வரும். சோடியம் வெளியேறும்போது கால்சியம் உள்ளே வரும். மாட்டுச் சுரப்பியிலிருந்து துகள்களைத் தனியாகப் பிரிச்செடுத்து 1980-களில் இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. உள்ள வந்ததை குரோமோகிரானின்ங்கற புரதம் பிடிச்சு வச்சுக்குது. கரைஞ்சு தனியாத் திரியறது அதில் ரொம்பச் சின்னப் பங்குதான். அதனாலதான் இவ்வளவு கொள்ளுது.

ஆக, துகள் வெறுமனே உத்தரவுக்குக் காத்திருக்கும் மூட்டை இல்லை. செல்லில் உள்ள கால்சியத்தை அள்ளிச் சேர்த்து வைக்கறதுலயும் அதுக்குப் பங்கு உண்டு.

என் கட்சி இதுதான். பிள்ளைகளுக்காகப் படத்தை எளிமையாக்குவது தப்பே இல்லை. எளிமையான படத்தை முழு உண்மைன்னு நம்பி, அதுக்கு வெளிய வர்ற கேள்வியை அமுக்கறோமே, அதுதான் தப்பு. வாத்தியாரைக் குறை சொல்லலை. அமுக்கினது நான்.

மறுநாள் காலைல மன்னிப்பு கேட்டு, எல்லாத்தையும் சொன்னேன். பையைச் சுத்தி வரைஞ்சிருந்த புள்ளிகளை பைக்குள்ளயும் நிறைய வச்சா. அப்புறம், "அப்ப பை திறக்கறப்போ இந்தக் கால்சியம் எல்லாம் எங்க போகும்?"னு அடுத்த கேள்வி.

இந்தத் தடவை பரீட்சையைப் பத்தி நான் வாயே திறக்கலை. புத்தகத்தைத்தான் திறந்தேன்.

டிஸ்கி: உயிர்வேதியியல் தெரிஞ்சவங்க, தப்பு இருந்தா பின்னூட்டத்துல தாராளமா கும்முங்க. திருத்திக்கறேன்.