கொள்கை வகுப்பது யாருக்காக?

பொதுக் கொள்கையும் மேலாண்மையும் இணைந்த முதுநிலைப் படிப்புகள் நாட்டில் பெருகி வருகின்றன. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகம் 2002ஆம் ஆண்டிலேயே அரசு அதிகாரிகளுக்கென இத்தகைய படிப்பைத் தொடங்கியது. ஆட்சிப் பொறுப்பில் இருப்போர் பொருளாதாரமும் புள்ளியியலும் கற்பது தேவையே. ஆனால் நிறுவன நிர்வாகத்தின் அளவுகோல் அரசுக்கும் பொருத்தப்படும்போது குடிமக்கள் வாடிக்கையாளர்களாகவும், ரேஷன் அரிசி மானியச் சுமையாகவும் ஆகிவிடுகின்றனர்.

ராஜஸ்தானில் 1994ஆம் ஆண்டு முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய பொது விசாரணைகளில், ஊராட்சிப் பணிகளின் கூலிப் பட்டியல்கள் ஊரறிய வாசிக்கப்பட்டன. பொய்க் கணக்குகள் அம்பலமாயின. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிகோலியவற்றுள் அப்போராட்டம் முதன்மையானது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபையின் சமூகத் தணிக்கையைச் சட்டப் பிரிவாகவே ஆக்கியது. இவற்றின் ஊற்றுக்கண் உழைக்கும் மக்களின் அனுபவமே அன்றி வகுப்பறை அன்று.

நிபுணத்துவத்தின் பெயரால் மக்கள் ஒதுக்கப்படும் ஆபத்தும் உண்மையானது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் 45 உயர் பதவிகளுக்கு இடஒதுக்கீடின்றிப் பக்கவாட்டு நியமன விளம்பரம் வெளியானது; கடும் எதிர்ப்புக்குப் பின்னரே அது திரும்பப் பெறப்பட்டது.

எனவே இப்படிப்புகளைப் புறக்கணிப்பது தீர்வன்று. பல லட்சம் ரூபாய்க் கட்டணம் தொழிலாளி, விவசாயி வீட்டுப் பிள்ளைகளைத் தடுக்காதிருக்க முழு உதவித்தொகை வேண்டும்; இடஒதுக்கீடு முழுமையாக நடைமுறையாக வேண்டும்; சமூகத் தணிக்கையும் தொழிற்சங்கக் களப்பணியும் பாடமாக வேண்டும். மாணவர் இயக்கமும் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கைகளை இணைந்து முன்னெடுக்க வேண்டிய தருணம் இது.