எக்ஸ்பாட்டாம், வடக்கனாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் பாடம் கேட்ட பொறுமையில் பாதி இருந்தால் போதும்.

நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் இரண்டு பதிவுகள் வந்தன. ஒன்று, ஸ்பெயினில் ஓர் அமைதியான கிராமத்தில் குடியேறி வாழும் ஆங்கிலேயர்களைப் பற்றிய வீடியோ. காலையில் சந்தை, மதியம் தூக்கம், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பேச்சு. போட்ட தம்பியும் வெளிநாட்டில் இருப்பவர். "எக்ஸ்பாட் வாழ்க்கை சார்" என்று பெருமையாக எழுதியிருந்தார். இரண்டாவது, வடமாநிலத் தொழிலாளிகளைக் கேலி செய்யும் மீம்ஸ். தலைப்பு "வடக்கன்". முதலாவதற்கு இதயம் போட்டவர்கள்தான் இதற்கும் சிரித்திருந்தார்கள்.

பிறந்த ஊரை விட்டு வேறு ஊரில் வாழ்பவனுக்கு இரண்டு பெயர் எதற்கு?

ஸ்பெயின் வரை போக வேண்டாம். நம் வானூர் வட்டத்திலேயே ஆரோவில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டுத் தொடங்கிய ஊர். செம்மண் அரித்துப் பொட்டலாய்க் கிடந்த பூமியைக் காடாக்கினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். குழி வெட்டித் தண்ணீர் ஊற்றியவர்களில் சுற்றுக் கிராமத்து ஆட்களும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அங்கே நம்மைப் போலவே தமிழ் பேசும் வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். பல வருடம் இருந்தும் "வணக்கம்", "போதும்" தாண்டாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது "எங்கள் மொழியைக் கற்றாயா?" என்று கேட்டிருக்கிறோமா? அவர் வண்டியை நிறுத்தி இளநீர் கேட்டால், நாம் அல்லவா அரைகுறை ஆங்கிலத்தில் தடுமாறுகிறோம்!

இப்போது திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிக்கும் கிரஷருக்கும் வாருங்கள். ஒடிசா, பீகார் பையன்கள். தகர ஷெட்டில் படுக்கை, நாளெல்லாம் ஜல்லித் தூசி. ஆறே மாதத்தில் "அண்ணா, தக்காளி எவ்ளோ?" என்று பேரம் பேசுகிறான். நான் ஓய்வு பெறுவதற்கு முன் அப்படி ஒரு குடும்பத்துச் சிறுமி என் வகுப்பில் சேர்ந்தாள். ஒடியா மொழியில் 'ள' ஒலி உண்டு. "பள்ளி" என்று அவள் சொன்னால் நாக்கு ஒழுங்காக மடியும். நம் பிள்ளைகளோ "பல்லிக்கூடம்" போய்க்கொண்டிருந்தார்கள்!

ஆரோவிலில் தங்க வெளிநாட்டவருக்கு விசா வேண்டும். ஒடிசாக்காரனுக்கு அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவே போதும். நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமை அது. விசாவில் இருப்பவர் 'சார்', குடிமகன் 'வந்தேறி'. என்ன கணக்கு இது? நம் ஊர்க் கல்மரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை. வேரும் கிளையும் காணாததால், இங்கே முளைத்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்கிறார்கள் நிலவியலாளர்கள். அந்த வந்தேறியை வேலி போட்டுக் காக்கிறோம்.

"கூலியைக் குறைக்கிறான் சார்" என்று பதில் வரும். கூலியை முடிவு செய்பவர் முதலாளி. அவரைப் பற்றி ஒரு மீம்ஸ் போடுங்கள், நானே நாலு பேருக்கு அனுப்புகிறேன். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி ரீயூனியன் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் நம் ஆட்கள். இலங்கையிலோ, 'இந்தியாக்காரன் நம் பிழைப்பைப் பறிக்கிறான்' என்ற பேச்சு 1930களிலேயே கிளம்பிவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் தலைமுறைகளாக உழைத்தவர்களை 1948-இல் ஒரு குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். போகிறவர்களை யார் கேட்டார்கள்? துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் என் பிள்ளைகளே, உங்களைப் பார்த்து இதே மீம்ஸை அங்கே ஒருவன் போட்டால் சிரிப்பீர்களா?

அந்தப் படத்தைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. தம்பி, இன்று இரவுக்குள் எடுத்துவிடு. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கிரஷர் ஷெட்டுப் பிள்ளைகளுக்கு இரட்டைக்கோடு நோட்டும் பென்சிலும் வாங்கி வா. எத்தனை வேண்டும் என்று போன் பண்ணினால் சொல்கிறேன்.