இரவு ஊசி, இருட்டில் உப்பளம்: இன்சுலின் அளவு யாருடைய கடிகாரப்படி?

இன்சுலின் சீட்டில் டாக்டர் எழுதுவது ஒரே ஒரு எண். ‘இரவு 10 யூனிட்’. அந்த எண் எந்த வேலைக்குப் போகிறவருக்கு, எந்த மாதத்துக்கு, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறவருக்கு என்று எழுத சீட்டில் இடம் கிடையாது. ஓ.எம்.ஆர். ஆபீஸில் ஏ.சி.யில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. மரக்காணம் உப்பளத்தில் விடியும் முன்பே பாத்தியில் இறங்கும் அவருடைய அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்த ஒரு எண்தான் எல்லாமே.

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் காரில் இருந்தே படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளைக் குவியல்கள் இந்த ஊருடையவை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இந்தியாப் ஆய்வு, தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. பக்கத்துப் புதுச்சேரியில் அது 26.3 சதவீதம். வெயிலில் உழைக்கிறவர்களுக்கு சுகர் வராது என்ற பழைய நம்பிக்கை இங்கே இனி எடுபடாது.

சிக்கலைப் புரிந்துகொள்ள, ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் குறுகிய நேர இன்சுலின், சாப்பாட்டால் ஏறும் சர்க்கரைக்கானது. நீண்ட நேர இன்சுலினுக்கு வேறு வேலை. நாம் தூங்கும்போதும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். அதை அடக்குவதுதான் அதன் வேலை. அதனால்தான் அதன் அளவைத் தீர்மானிப்பது காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சுகர். சாப்பிட்ட பிறகு 250 காட்டியது என்பதற்காக ராத்திரி ஊசியைக் கூட்டுவது, வாசல் கதவில் சத்தம் கேட்டால் கொல்லைக் கதவைப் பூட்டுகிற மாதிரி.

10 என்பது தொடக்கம் மட்டுமே

உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் அமெரிக்க நீரிழிவுச் சங்க வழிகாட்டுதலின்படி, டைப் 2 உள்ள பெரியவர்களுக்குத் தொடக்க அளவு ஒரு நாளைக்கு 10 யூனிட். அல்லது எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட். 60 கிலோ ஆளுக்கு 6 முதல் 12 யூனிட் வரும். இது வேண்டுமென்றே குறைத்து வைத்த எண். லோ சுகர் வராமல், மெல்ல மேலே ஏற வேண்டும் என்பதற்காக. வெறும் வயிற்று சுகர் 80-130 என்ற இலக்குக்கு மேலேயே நின்றால், 3 நாளுக்கு ஒரு முறை 2 யூனிட் கூட்டலாம். காரணம் தெரியாமல் லோ சுகர் வந்தால் 10 முதல் 20 சதவீதம் குறைக்க வேண்டும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இலக்கையே டாக்டர் தளர்த்தி வைப்பார்.

இந்தக் கணக்கில், ஒருவருக்குத் தேவை 24 யூனிட் என்றால் 10-ல் தொடங்கி மூன்று வாரத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். நடப்பது என்ன? அடுத்த பரிசோதனை ஒரு மாதம் கழித்து; அன்றைக்கு வேலைக்குப் போனால்தான் கூலி; அதனால் அதுவும் தள்ளிப்போகும். ஒரு வருஷம் ஆன பிறகும் அதே 10 யூனிட்டில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். “ஊசி போட்டும் குறையலையே” என்று ஊசி மீதே நம்பிக்கை போய்விடுகிறது. தவறு மருந்தில் இல்லை. படியில் ஏறச் சொல்லிவிட்டு முதல் படியிலேயே விட்டுவிட்டுப் போனதுதான் தவறு.

ஏறிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. கிலோவுக்கு 0.5 யூனிட்டைத் தாண்டினால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 யூனிட்டுக்கு மேல் போனால், டாக்டர் நின்று யோசிக்க வேண்டும். படுக்கும்போது பார்த்த சுகருக்கும் காலை சுகருக்கும் 50-க்கு மேல் இறக்கம் இருந்தாலும் அப்படித்தான். வெறும் வயிற்றில் சரியாக இருந்து மூன்று மாதச் சராசரி மட்டும் இறங்கவில்லை என்றால் பிரச்சினை சாப்பாட்டு நேரத்தில் இருக்கிறது. ராத்திரி ஊசியை இன்னும் கூட்டுவதால் அது தீராது.

அதிகாலை 3 மணி

அரசு மருத்துவமனைகளில் பல காலமாகப் புழங்குவது என்.பி.எச். என்ற, கலங்கலாக இருக்கும் இன்சுலின். 1940-களில் வந்தது, விலை குறைவு, நல்ல மருந்து. ஆனால் அது சீராக வேலை செய்வதில்லை. போட்ட 4 மணி நேரத்தில் இருந்து 8 அல்லது 10 மணி நேரம் வரை அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். இரவு 9 மணிக்குப் போட்டால் உச்சம் அதிகாலை 1 மணிக்குத் தொடங்கும். எட்டு மணிக்கு எழுந்திருப்பவர் அதைத் தூங்கிக் கழித்துவிடுவார், அதுவும் எப்போதும் இல்லை. உப்பளத்துக்குப் போகிறவர் அதே நேரத்தில் ஒரு டம்ளர் டீயோடு கிளம்பி, உப்பு வாரி, கூடையைத் தலையில் ஏற்றுகிறார். உழைக்கும் தசை, இன்சுலின் தள்ளும் சர்க்கரையை இன்னும் வேகமாக இழுக்கும். வெயில் ஏற ஏற, ஊசி போட்ட இடத்தில் இருந்து மருந்து ரத்தத்தில் கலப்பதும் வேகமாகும்.

சுகர் 70-க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும். உப்பளத்தில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. எல்லோருக்கும்தான் களைப்பு. எச்சரிக்கை மணி அடித்தாலும் காதில் விழாத இடம் அது. பேச்சு குழறுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, வேலைக்கு நடுவில் வெறித்து நிற்பது ஆகியவற்றைப் பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

2000-க்குப் பிறகு பரவலான கிளார்ஜினில் இந்த உச்சம் பெரிதாக இல்லை. ஏறக்குறைய 24 மணி நேரம் சமமாக வேலை செய்யும். டெக்லூடெக் 42 மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். அதனாலேயே அதன் அளவை அவசரப்பட்டு மாற்றக் கூடாது. இரவு நேர லோ சுகர் இவற்றில் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் நீண்ட நேர இன்சுலின்களை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் 2022 தேசியப் பட்டியலிலும் கிளார்ஜின் இருக்கிறது. இருட்டில் வேலைக்கு இறங்கும் ஒருவருக்கு இது வசதி படைத்தவர்களின் மருந்து அல்ல. யாருக்கு முதலில் கொடுப்பது என்று கேட்டால், இவர்களுக்குத்தான்.

சீசன் மாறினால் அளவும் மாறும்

உப்பு விளைவது ஏறக்குறைய ஜனவரி முதல் செப்டம்பர் வரை. மழைக்காலத்தில் பாத்திகள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும், வேலை இருக்காது. உடம்பு உழைப்பை நிறுத்தியதும் அதே ஆளுக்கு இன்சுலின் தேவை கூடும். நவம்பரில் கூட்டிய அளவோடு பிப்ரவரியில் மறுபடி பாத்தியில் இறங்கினால்? அங்கேதான் ஆபத்து. வெயிலில் நீர் வற்றினால் சிறுநீரகமும் அடிவாங்கும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளங்களில் செய்த ஆய்வில், பெரும்பாலான தொழிலாளர்கள் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டி உழைப்பதும், சிலரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரியவந்தது. சிறுநீரகம் மந்தமானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். நேற்றுவரை சரியாக இருந்த அளவு, இன்றைக்கு அதிகமாகிவிடும்.

ஊர்ப்பக்கம் இன்னொரு பழக்கம் உண்டு: “நேத்து கம்மியா இருந்துச்சு, இன்னைக்கு ஊசி வேணாம்.” லோ சுகர் வந்தால் அளவைக் குறைப்பதுதான் சரி, தானாகவே ஊசியை அடியோடு நிறுத்திவிட்டால் ரெண்டே நாளில் எகிறிவிடும்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இங்கே ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனா, கார்ட்ரிட்ஜ் எல்லாம் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. சென்னையில் வாங்கி அனுப்பிய 100 யூனிட் மருந்தை, வீட்டில் கிடக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். பாசத்தில் செய்த காரியம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் பயந்து ஊசியையே தவிர்க்க வேண்டியதில்லை. 2023-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, பிரிக்காத ஹியூமன் இன்சுலின் குப்பி 25 டிகிரி வரை ஆறு மாதமும், 37 டிகிரி வரை இரண்டு மாதமும் பெரிதாகக் கெடுவதில்லை. கிளார்ஜினைப் பயன்படுத்தத் தொடங்கினால் 30 டிகிரிக்குள் 28 நாள். ஈர மணலில் வைத்த மண்பானை உதவும். ஆனால் கடலோர ஈரப்பதத்தில் அது உள்ளூர்களில் குளிர்வது போலக் குளிராது. பைக் பெட்டியில் மட்டும் வைக்கவே கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. உண்மையிலேயே நல்ல திட்டம். இன்சுலினுக்கு அது போதாது. மருந்தோடு குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் கைக்கு வர வேண்டும். “மூணு நாள் தொடர்ந்து 130-க்கு மேல இருந்தா 2 கூட்டுங்க, ஒரு தடவை 70-க்குக் கீழ போனாலும் குறைச்சுட்டு எங்களுக்குச் சொல்லுங்க” என்று டாக்டர் அந்த நபருக்கென்றே தமிழில் எழுதிக் கொடுக்கும் ஒரு துண்டுச் சீட்டும் வர வேண்டும். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்காலத்தில் 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை மாநில அரசு 2022-ல் தொடங்கியது. பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. அதே பட்டியலைச் சுகாதாரத் துறை வாங்கி, சீசன் தொடங்கும் ஜனவரியில் ஒரு முறை, முடியும் செப்டம்பரில் ஒரு முறை, ஊசி போடுகிறவர்களின் அளவை மட்டும் சரிபார்த்தால் போதும். அந்த முகாம் நடக்க வேண்டியது காலை 10 மணிக்கு அல்ல. வேலை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய பிறகு.