அம்மாவின் பாஸ்புக்கில் உங்க நம்பர் எதுக்கு?

வைட்ஃபீல்டில் குடியிருக்கும் நம்மாட்கள் வீடுகளில் தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி பெரிய ஆராய்ச்சி ஒன்று நடக்கும். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு என்ன ஃபோன் வாங்குவது? ஐடிபிஎல் பக்கம் பொட்டி தட்டும் தம்பி பத்து வீடியோ பார்ப்பார். கேமரா எத்தனை மெகாபிக்சல், ராம் எவ்வளவு, பெரிய தள்ளுபடி எந்தத் தேதியில் என்று எக்செல் ஷீட்டே போட்டுவிடுவார். ஒரு வழியாக ஃபோன் முடிவாகும்.

அப்புறம் சிம். "நான் வெச்சிருக்கிற கம்பெனியே நல்லாத்தானே இருக்கு, அதையே போட்டுடலாம்." அரை நிமிஷம்.

அதுக்கப்புறம் பேங்க் கணக்கில் எந்த நம்பர்? "என் நம்பரே இருக்கட்டும். அம்மாவுக்கு என்ன தெரியும்?" இது அரை நிமிஷம்கூட இல்லை.

வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். இந்த வரிசை தலைகீழ். நம்பர்தான் முதல் கேள்வி. கம்பெனி இரண்டாவது. ஃபோன் கடைசி. ஃபோன் நாலு வருஷத்தில் அலமாரிக்குப் போகும் சாமான். நம்பர் என்பது சாவி. வீட்டுச் சாவியை அம்மாவிடம் கொடுக்காமல் பெங்களூருக்கு எடுத்து வந்து, "கதவு திறக்கணும்னா ஃபோன் பண்ணுங்கம்மா" என்று யாராவது சொல்வோமா? கணக்கு விஷயத்தில் அதைத்தான் பாசம் என்ற பெயரில் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அத்திப்பள்ளி தாண்டினால் ரோமிங் என்று எடுக்கும் காலுக்கும் காசு போன நாட்கள் அவை. ஊர் நம்பர் ஒன்று, இந்த ஊர் நம்பர் ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருந்தோம். அம்மாவிடம் செல்ஃபோனே இல்லை. 2009 ஆகஸ்டில் இணையத்தில் கார்டு பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியபோது, வீட்டில் இருந்த ஒரே செல்ஃபோன் நம்பர் உங்களுடையது. ஃபாரத்தில் அதை எழுதினீர்கள். சரி.

ஆனால் 2015 ஜூலையிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் அதே நம்பரோடு போகலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அடுத்த வருஷம் ஏர்டெல்லும் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை எடுத்துவிட்டது. அம்மா கையில் ஃபோன் வந்தும் வருஷம் பல ஆயிற்று. ஃபாரத்தில் எழுதின நம்பர் மட்டும் அப்படியே இருக்கிறது!

இதனால் என்ன ஆகிறது என்று கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். பென்ஷன் வந்துவிட்டதா என்று கேட்பதற்காக மட்டும் பஸ் பிடித்து வரும் பெரியவர்கள் எத்தனை பேர்! வந்துவிட்டது. மெசேஜும் போய்விட்டது. எங்கோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், மீட்டிங்கில் சைலன்ட் போட்ட ஃபோனுக்கு. தன் கணக்கில் பணம் வந்த சேதி தனக்கு வராது என்றால் அந்தக் கணக்கு யாருடையது? யுபிஐயும் நடக்காது. வங்கியில் பதிந்த நம்பரின் சிம் அந்த ஃபோனிலேயே இருந்தால்தான் செயலி ஒத்துக்கொள்ளும். நீங்கள் இருபதாயிரம் ரூபாய் ஸ்மார்ட்ஃபோன் வாங்கிக் கொடுத்தாலும் அம்மா மளிகைக்கடையில் சில்லறைதான் எண்ணவேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எதற்காவது ஓடிபி வேண்டுமென்றால் அம்மா உங்களைக் கூப்பிடுவார். நீங்கள் ஆறு எண்ணைப் படிப்பீர்கள். இல்லையென்றால் நீங்கள் கூப்பிட்டு, "அம்மா, உன் ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு" என்பீர்கள். மாசம் இரண்டு தடவை இது நடந்தால் வீட்டுக்குள் ஒரு பாடம் பதிகிறது: ஓடிபி என்பது ஃபோனில் வாய்விட்டுச் சொல்லும் சமாச்சாரம். மோசடிக்காரன் இதற்குமேல் புதிதாக எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. "பேங்கிலிருந்து பேசறோம்மா, உங்க பையன் சொல்லித்தான்..." என்று ஆரம்பித்தால் போதும். பாதிப் பயிற்சியை நாமே இலவசமாகக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

போனால் யார் பொறுப்பு? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு விதி எழுதியது. வாடிக்கையாளர் மேலும் தப்பில்லை, வங்கி மேலும் தப்பில்லை, வேறெங்கோ ஓட்டை என்றால், சேதி கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது. ரகசிய எண்ணை அவரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போன பணம் முழுக்க அவர் தலையில். கவனியுங்கள், கடிகாரம் ஓடுவது சேதி கிடைத்ததிலிருந்து. அந்தச் சேதி அம்மாவுக்கே போகவில்லை என்றால் அவர் எப்படி மூன்று நாளில் சொல்வார்?

"சார், அம்மாவுக்கு மெசேஜ் படிக்கத் தெரியாது, ஏமாந்துடுவாங்க" என்பீர்கள். ஏமாறக்கூடாது என்பதற்கு வேறு வழி இருக்கிறது. கார்டில் இணைய வர்த்தகத்தை மூடிவைக்கலாம், தினசரி வரம்பைக் குறைக்கலாம். 2020இலிருந்து இதை வாடிக்கையாளரே செய்துகொள்ள வங்கிகள் வசதி தரவேண்டும். யுபிஐக்கென்று ஐயாயிரம் ரூபாய் மட்டும் போட்ட தனிக் கணக்கு வைக்கலாம். உடம்புக்கு நிஜமாகவே முடியாதவர் என்றால் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். அதில் உங்கள் பெயரும் இருக்கும், பொறுப்பும் இருக்கும். பெயர் அம்மாவுடையது, சாவி உங்களுடையது என்பதுதான் கோணல். நாளைக்கு உங்களுக்கே ஏதாவது ஆனால் (ஆகவேண்டாம், ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்) மகனும் இல்லாமல், தன் பணத்தையும் எடுக்க முடியாமல் அந்த அம்மா எந்தக் கவுன்டரில் நிற்பார்?

ஆகவே முதல் முடிவு: அம்மாவுக்கு அவர் பெயரில், அவர் ஆதாரில், அவர் கையில் ஒரு சிம். உங்கள் பெயரில் வாங்கின சிம்மை அவரிடம் கொடுப்பதும் போதாது. தொலைந்தால் மாற்று சிம் வாங்கக் கடைக்குப் போகவேண்டியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

இனி கம்பெனி. உங்களுக்கு ஹோப் ஃபார்மில் சிக்னல் நன்றாக இருக்கிறது, கடுகோடி மெட்ரோவில் வீடியோ ஓடுகிறது என்பதெல்லாம் அம்மாவுக்குச் சம்பந்தமில்லாத தகவல். அம்மா ஃபோன் பேசுவது அடுப்படியில். பகலெல்லாம் இருப்பது பின்கட்டில். அங்கே எந்த டவர் எட்டுகிறது? நிறுவனங்கள் தங்கள் வலைப்பரப்பு வரைபடத்தை இணையத்தில் போடவேண்டும் என்று டிராய் உத்தரவிட்டு, அவையும் போட்டுவிட்டன. பாருங்கள். ஆனால் வரைபடம் தெருவைக் காட்டும், அடுப்படியைக் காட்டாது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அத்தையின் ஃபோனை ஐந்து நிமிஷம் வாங்கி, பின்கட்டில் நின்று பேசிப் பாருங்கள். பத்து வீடியோவைவிட அது பெரிய ஆராய்ச்சி.

ஃபோனும் கம்பெனியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவும் வேண்டும். ஜியோவிடம் 2ஜி கிடையாது. அம்மா பழகின பழைய பட்டன் ஃபோனில் அந்த சிம்மைப் போட்டால் வேலை செய்யாது, 4ஜி பட்டன் ஃபோன்தான் வேண்டும். ஏர்டெல்லிலும் வோடஃபோன் ஐடியாவிலும் பழைய ஃபோன் பேசும். பிஎஸ்என்எல் தன் சொந்த நாட்டுத் தொழில்நுட்ப 4ஜியை 2025 செப்டம்பரில்தான் முறையாகத் தொடங்கியது. சில ஊர்களில் அதன் டவர்தான் பக்கத்தில் இருக்கும். நல்லது கெட்டது என்று பொதுவாகச் சொல்ல எதுவுமில்லை. உங்கள் ஊர், உங்கள் தெரு, அவ்வளவுதான்.

பிராண்ட் பாசம் வேண்டாம் என்பதற்கு நம்மூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஏர்செல் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் முன்னணியில் இருந்த கம்பெனி. சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையிலேயே அந்தப் பெயர் இருந்தது. 2018 பிப்ரவரியில் சிக்னல் படுத்தது. மாசக் கடைசியில் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பம். வேறு கம்பெனிக்கு மாறலாமே என்றால், மாறுவதற்கு 1900க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி, திரும்பி வரும் குறியீட்டைக் கொடுக்கவேண்டும். எஸ்.எம்.எஸ். போனால்தானே! கடைகள் முன்னால் கூட்டம் கூட்டமாக ஜனம் நின்றது. ஏப்ரல் 15 வரை அவகாசம் என்று டிராய் சொன்னது. வெளியூரில் பையன், உள்ளூரில் விவரம் தெரியாத அப்பா என்று இருந்த வீடுகளில் எத்தனை நம்பர் அப்படியே காற்றோடு போயிற்று! காற்றோடு போனது நம்பர் மட்டுமில்லை, அந்த நம்பரைப் பதிந்திருந்த கணக்குகளின் சாவியும்தான். நம்பர் நம்முடையது, கம்பெனி வாடகைக்கு. வாடகை வீடு ஒழுக ஆரம்பித்தால் கூரை விழும்வரை காத்திருக்கக்கூடாது.

அடுத்தது ரீசார்ஜ். நான் பி.காம் படித்தவன், இந்தக் கணக்கை விடமாட்டேன். 28 நாள் என்பது மாசம் இல்லை சாமி. வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். எல்லோரும் கத்தியதில் 2022 ஜனவரியில் டிராய், குறைந்தது ஒரு 30 நாள் திட்டமும் மாசாமாசம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் வைத்தே ஆகவேண்டும் என்றது. வைத்தார்கள். விளம்பரத்தில் பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை :)

2024 ஜூலையில் தனியார் மூவரும் அடுத்தடுத்த நாளில் விலையை ஏற்றினார்கள். பேச மட்டும் ஃபோன் வைத்திருக்கும் பாட்டியும் டேட்டாவும் சேர்த்தே வாங்கவேண்டிய நிலை. அந்த டிசம்பரில் டிராய், பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம், 365 நாள் வரை செல்லும்படியும் வைக்கலாம் என்று உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் வந்தது. ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், ஏர்டெல் 469 ரூபாய் என்று அப்போது வைத்தார்கள். கடைக்காரர் இதை நீட்டமாட்டார், நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும். அம்மா பட்டன் ஃபோன்காரர் என்றால் இந்த வகைத் திட்டத்தில் வருஷத்துக்கு ஒரே தடவை கட்டிவிடுங்கள். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை. ரீசார்ஜ் மறந்தால் நம்பர் போகும். போன நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தெளிவான விஷயம் இது. அம்மாவின் பென்ஷன் மெசேஜ் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். இதற்காகவே, ரத்தான நம்பர்களின் பட்டியலைப் பார்த்துச் சரிசெய்யும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் சொன்னது. வங்கி சரிசெய்யட்டும். நீங்கள் முதலில் ரீசார்ஜ் செய்யுங்கள்.

கடைசியில்தான் ஃபோன். இரண்டே விஷயம். ஒன்று, நீங்கள் நாலு வருஷம் ஓட்டி, பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ஃபோனை அம்மா தலையில் கட்டாதீர்கள். வீட்டிலேயே எளிதாக ஏமாற்றப்படக்கூடியவர் கையில் வீட்டிலேயே பாதுகாப்பு குறைந்த ஃபோன்! எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று தேடிப் படியுங்கள். எழுத்துப் பெரிதாகத் தெரிகிறதா, ஒலி கேட்கிறதா என்று அம்மாவையே கடைக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

இரண்டு, "நோ காஸ்ட் இஎம்ஐ". வட்டியே இல்லாத கடன் என்பது இல்லவே இல்லை என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியாயிற்று. வட்டித் தொகையைத் தள்ளுபடி என்று விலையில் கழித்துவிட்டு, கார்டில் வட்டியாகவே போடுவார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, செயலாக்கக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. வட்டி 1,400 ரூபாய், கட்டணம் 199 என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 490 ரூபாய் கைவிட்டுப் போகும். கொள்ளை இல்லைதான், ஆனால் "நோ காஸ்ட்"டும் இல்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் ஊருக்குப் பஸ் ஏறுகிறீர்களா? புது ஃபோனைப் பெட்டியோடு எடுத்துப் போங்கள், நல்லது. அதோடு ஒரு சனிக்கிழமைக் காலையை ஒதுக்குங்கள். இரண்டாம், நாலாம் சனி வங்கி விடுமுறை, தேதி பார்த்துக் கிளம்புங்கள். அம்மாவையும் பாஸ்புக்கையும் ஆதாரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். நம்பர் மாற்றும் ஃபாரம் ஒரு பக்கம்தான். உங்கள் நம்பரை அடித்துவிட்டு அவர் நம்பரை எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து அவர் போடட்டும். வாசலுக்கு வந்ததும், அவர் ஃபோனில் வந்த முதல் மெசேஜை அவரையே படிக்க வையுங்கள். "இதில் வரும் ஆறு எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதேம்மா, நான் கேட்டாலும் சொல்லாதே" என்று சொல்லுங்கள்.

அதற்கப்புறம் நீங்கள் நிஜமாகவே கேட்கக்கூடாது. அதுதான் கஷ்டம்.