மேலே இருப்பவர் யார்?

ஆள்மேல் ஆள் சேர்த்துப் பணம் வாங்கும் இந்தக் கம்பெனி யாருடையது? எங்கள் தெருவில் பார்ப்பவரையெல்லாம் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. சேர்த்துவிடும் அக்காவைக் கேட்டால் தன் அப்லைனை, அதாவது தன்னைச் சேர்த்தவரைக் காட்டுகிறார். அவர் தனக்கு மேலே இருக்கும் ‘டைமண்ட்’ சாரைக் காட்டுகிறார். டைமண்ட் சார் கல்யாண மண்டபத்தில் கோட்டு போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுகிறார். நம்ம எம்.டி., நம்ம எம்.டி. என்று பத்து தடவை சொல்கிறாரே தவிர, அந்த எம்.டி.யின் முழுப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறார். குடிவருகிறவரிடம் ஆதார் நகல் வாங்காமல் சாவியைக் கொடுக்காத தெரு இது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் இடத்தில் மட்டும் முதலாளியின் பெயரைக்கூடக் கேட்கக் கூடாதாம்.

ஐயாயிரம் ரூபாய் கட்டி ஒரு ஐடி போட வேண்டும். கையில் ஒரு மூலிகைப் பொடி டப்பா கொடுப்பார்கள். வாராவாரம் குலுக்கல். உங்கள் ஐடி நம்பர் விழுந்தால் ஸ்கூட்டர், தங்கக் காசு. விழாவிட்டாலும் உங்களுக்குக் கீழே லெஃப்டில் ஒருவர், ரைட்டில் ஒருவர் சேர்த்தால் கமிஷன். குலுக்கல் எந்த ஊரில், யார் முன்னிலையில் நடக்கிறது என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஒரு கை, ஒரு டப்பா, ஒரு சீட்டு. முகமே இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டதற்கு, “நெகட்டிவா பேசுறவங்களுக்கு இது செட் ஆகாது தம்பி” என்று முடித்துவிட்டார்கள்.

லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றைத்தான் எல்லோரும் தூக்கிக் காட்டுகிறார்கள். அது கம்பெனிப் பதிவுச் சான்று. இந்தப் பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. கூடவே காட்டும் ஜி.எஸ்.டி. எண் வரி கட்டுவதற்கானது. மக்களிடம் பணம் திரட்டவோ குலுக்கல் நடத்தவோ இரண்டுமே அனுமதி ஆகாது. சீட்டு நடத்துவதென்றால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டுப் பதிவாளரிடம் பதிய வேண்டும். லாட்டரியை 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசுகள் மட்டுமே நடத்தலாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து அதுவும் கிடையாது. பெருநிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இயக்குநர்களின் பெயரைப் பார்க்கலாம். நான் பார்த்தேன். மண்டபத்தில் கைதட்டு வாங்கிய பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை.

இதெல்லாம் புதிதா என்ன? கேரளத்தில் எல்.ஐ.எஸ். என்றொரு நிறுவனம் யூனிட் 625 ரூபாய் என்று வாங்கியது. அதில் ஒரு பகுதிக்கு லாட்டரிச் சீட்டு வாங்குவோம், பரிசு விழாவிட்டாலும் கட்டிய பணம் இரட்டிப்பாகும் என்றது. இரட்டிப்புக்குப் பணம், பின்னால் சேருகிறவர்களிடமிருந்துதான் வந்தாக வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: ஒருவரிடம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துக் கொஞ்ச காலம் ஓட்டலாம், கடைசியில் பெருங்கூட்டம் ஏமாந்து நிற்கும், நடத்துகிறவர்களுக்கு இது முன்பே தெரியும் என்று. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அதே சரக்குதான் பெயரை மாற்றிக்கொண்டு நம் வாசலுக்கு வருகிறது.

கணக்கையாவது போட்டுப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு பேர் என்றால், உச்சியில் இருக்கும் ஒருவருக்குக் கீழே இருபதாவது படியில் மட்டும் 10 லட்சத்து 48 ஆயிரம் பேர் வேண்டும். இருபத்தாறாவது படிக்கு 6 கோடியே 71 லட்சம் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குழந்தை குட்டியெல்லாம் சேர்த்தே தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர்தான். இன்னொன்றை மண்டபத்தில் யாரும் சொல்வதில்லை. எந்தப் படியில் நின்றாலும், சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆளே கிடையாது. அப்புறம் கமிஷன் ஏது? குலுக்கலில் விழும் ஒரு ஸ்கூட்டரைக் காட்டி அந்தப் பாதிப் பேரை வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பொறுக்காதது இதற்கு அடுத்து நடப்பதுதான். கம்பெனி ஓடிவிட்டால் தெருவில் நின்று ஏச்சு வாங்கப்போவது அந்த அக்கா. எம்.டி. யார் என்று யாருக்கும் தெரியாது, அக்காவின் வீடு எல்லோருக்கும் தெரியும். நாத்தனார், மைத்துனன், பால்காரர், டியூஷன் டீச்சர் என்று உறவையும் பழக்கத்தையும் முன்னே நிறுத்திவிட்டு, பணத்தை எடுத்தவன் பின்னால் மறைந்துகொள்கிறான். ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தின் விவகாரத்தில் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் போலீஸ் சொன்னது. அத்தனை பேரையும் தலைவர்களே நேரில் வந்தா சேர்த்திருப்பார்கள்?

சட்டமாவது உறைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. அபராதத்தின் உச்சவரம்போ 5,000 ரூபாய். இன்றைக்கு ஒரே ஒரு ஐடி போட்ட பணத்தில் அது அடைந்துவிடும். அதே சட்டம் உறுப்பினராகச் சேருவதையும் தடை செய்கிறது. நாமும் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில்தான் பணத்தை இழந்தவர்கள் காவல் நிலையப் பக்கமே போகாமல் இருக்கிறார்கள். அந்த அபராதத்தை உயர்த்த வேண்டும். புகார் கொடுக்க முன்வருகிற சாதாரண உறுப்பினருக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு எழுதித் தர வேண்டும். கம்பெனி மூடிய பிறகு வருகிற போலீஸ், மண்டபத்தில் கூட்டம் நடக்கும்போதே ஏன் வரக் கூடாது?

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு எண், வாட்ஸ்அப் செய்திகள், மண்டபக் கூட்டத்தின் வீடியோ எதையும் அழித்துவிடாதீர்கள். அவற்றோடு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்திலும் புகார் பதியலாம். உங்களைச் சேர்த்துவிட்டவரோடு சண்டை போட்டுவிட்டு அதோடு நின்றுவிடாதீர்கள். முடிந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்தக் கணக்கின் சொந்தக்காரர் பெயர் புகாரில் முதலாவதாக இருக்கட்டும்.